வாசிக்கத் தெரியாத மூன்று நாள்கள்



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கேரளத்தின் கொச்சி நகருக்குத் தனியே சென்று வந்தேன். "துணைக்கு யாருமே இல்லாமல் எப்படியம்மா?" என்று பிள்ளைகள் தயங்கினார்கள். ஆண்டுதோறும் முப்பது குழந்தைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்று, எண்ணிப் பார்த்துத் திரும்பக் கொண்டுவரும் எனக்கு, என் ஒருத்தியைப் பார்த்துக்கொள்வது பெரிய காரியமா என்று சிரித்துவிட்டுப் புறப்பட்டேன்.

பயணம் ஏழு நாள்கள். முதல் நான்கு நாள்கள் சுற்றுலாப் பயணி ஒருத்தி பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்தேன். ஃபோர்ட் கொச்சியில் 1503-இல் போர்த்துகீசியர் எழுப்பிய தூய பிரான்சிஸ் தேவாலயத்தில், வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த இடத்தைக் கண்டேன். 1524-இல் இந்நகரில் இறந்த அவருடைய எச்சங்களை 1539-இல் போர்த்துகலுக்குக் கொண்டுசென்றுவிட்டார்கள். கல் மட்டும் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட யூதர் வழிபாட்டு இல்லத்தையும், போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்துப் பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையையும் பார்த்தேன். மலாக்காவில் வளர்ந்த எனக்கு இவையெல்லாம் அயலாகத் தோன்றவில்லை. 1511-இல் மலாக்காவைப் பிடித்த அல்புகர்க்கின் கப்பல்கள் கொச்சியிலிருந்துதான் புறப்பட்டன. டச்சுக்காரர்கள் 1641-இல் மலாக்காவையும் 1663-இல் கொச்சியையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். ஒரே கதையின் இரண்டு படிகள் போலத்தான் இவ்விரு நகரங்களும்.

இவற்றைப் பற்றித் தனியே எழுதலாம். இன்று நான் எழுத விரும்புவது கடைசி மூன்று நாள்களைப் பற்றி மட்டுமே.

ஐந்தாம் நாள் மாலை, கடற்கரையில் சீனவலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன. நெடிய மரக்கழிகளில் தொங்கும் பெரிய வலையைக் கடலுக்குள் இறக்கி, சற்று நேரம் பொறுத்து, கயிறுகளில் கட்டிய கற்களின் எடை துணைசெய்ய நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்து மேலே தூக்குகிறார்கள். அவ்வளவு உழைப்புக்கும் வலையில் வந்தவை ஒரு கைப்பிடி மீன்கள்தாம். அவர்கள் சலித்துக்கொள்ளவில்லை, மீண்டும் இறக்கினார்கள்.

அப்போது கைப்பேசியில் புலனச் செய்தி ஒன்று வந்தது. என் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் அனுப்பியிருந்தார்.

"டீச்சர், விடுமுறையில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழ் அவனுக்கு ஏறவில்லை. பள்ளிக்கூடம் என்றாலே அழுகிறான்."

அவன் பெயரை இங்கே தவிர்க்கிறேன். லாரி ஓட்டுநரின் மகன். ஆண்டு முழுவதும் என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தவன். 'ம' என்னும் எழுத்தைக் கண்டால் "மரம்" என்று சொல்லிவிடுவான். 'மலர்' என்று எழுதியிருந்தாலும் மரம்தான். 'மயில்' என்று எழுதியிருந்தாலும் மரம்தான். படம் இருந்தால் சரியாகச் சொல்வான். படத்தை மறைத்தால் தடுமாறுவான். மதிப்பீட்டுக் குறிப்பில் நான் எழுதியது: "கவனம் குறைவு. ஊகித்து வாசிக்கிறான். வீட்டில் பயிற்சி தேவை."

தாயாருக்கு உடனே மறுமொழி எழுதவில்லை. "என்ன செய்வது, முயன்று பார்த்தோம்" என்றுதான் மனம் முதலில் சொன்னது. உண்மையைச் சொல்வதானால், ஒரு சுமை குறைகிறது என்ற நிம்மதியும் ஓர் ஓரத்தில் இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் படகேறி எர்ணாகுளம் சென்றேன். உறவினருக்குச் சில பொருள்கள் வாங்க வேண்டியிருந்தது. கடைவீதியில் பொழுது போனதே தெரியவில்லை. திரும்பும்போது படகுத்துறையில் நீண்ட வரிசை. விடுமுறைக் கூட்டம். பேருந்தில் சென்றுவிடலாம் என்று எண்ணிச் சாலைக்கு வந்தேன். மட்டாஞ்சேரிப் பேருந்தில் ஏறினால் போதும், அங்கிருந்து தங்கும் வீட்டுக்கு ஆட்டோவில் வந்துவிடலாம் என்று வீட்டுக்காரச் சேச்சி முன்பே சொல்லியிருந்தார். சேச்சி என்றால் மலையாளத்தில் அக்காள்.

பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெயர்ப்பலகைகள் எல்லாம் மலையாளத்தில். மலையாள எழுத்துகளுள் சில நம் எழுத்துகளைப் போலவே இருக்கும். 'உ', 'வ', 'ம' ஆகியவற்றைத் தமிழர் யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். அந்த நான்கு நாள்களில், "எனக்குப் பாதி மலையாளம் வாசிக்க வருகிறது" என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டும் இருந்தேன்.

ஒரு பேருந்தின் பலகையில் முதல் எழுத்து 'ம' போலத் தெரிந்தது. கீழே ஏதோ ஒரு சுழி. அதன் பிறகு வளைவுகளாக ஐந்தாறு எழுத்துகள். மட்டாஞ்சேரிதான் என்று முடிவு செய்து ஏறிவிட்டேன்.

நெரிசலில் நடத்துநர் என்னிடம் வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. "மட்டாஞ்சேரி" என்று பணத்தை நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பேருந்து முளந்துருத்திக்குப் போகிறதாம். நான் போக வேண்டிய கடற்கரைக்கு நேர் எதிர்த்திசையில், கிழக்கே. எனக்கு வந்த கோபத்தில், அதை ஏன் தெளிவாக எழுதவில்லை என்று கேட்டுவிட்டேன்.

"எழுதியிட்டுண்டல்லோ! வாயிக்கான் அறியில்லே?" என்றார்.

எழுதித்தானே இருக்கிறது, வாசிக்கத் தெரியாதா? இதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடத்துநர்மேல் குற்றமில்லை, கூட்டத்தில் அலைந்து களைத்த மனிதர். என் முகம்தான் தீப்பட்டது போல் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். வைற்றிலப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே அடுத்த பேருந்தைத் தேடியபோது, பலகைகளை ஏறிட்டுப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை. பார்த்து என்ன பயன், எப்படியும் தவறாகத்தான் வாசிப்பேன் என்று தோன்றிற்று. நின்றிருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டே ஊர் திரும்பினேன்.

அந்தப் பேருந்தின் இருக்கையில்தான் அது என் நெஞ்சில் உறைத்தது. முதல் எழுத்தைப் பார்த்தேன், மற்றதை ஊகித்தேன். 'ம' என்றால் மட்டாஞ்சேரி. அவனுக்கு 'ம' என்றால் மரம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஜூலை மாதமோ ஆகஸ்டு மாதமோ, வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் அவனிடம் நான் கேட்டிருக்கிறேன்: "எழுதித்தானே இருக்கிறது? கண் தெரியவில்லையா?" வகுப்பு சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்துதான் அவன் கரும்பலகையைப் பார்ப்பதை நிறுத்தினான். அதற்குத்தான் நான் "கவனம் குறைவு" என்று பெயர் வைத்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வாசிக்கத் தெரியாமையும் அப்படித்தான்.

இரவு உணவின்போது சேச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். "வெள்ளம் வேணோ, டீச்சரே?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீரை ஊற்றினார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிநீர். முதல் நாள் இதைக் கேட்டுத் திடுக்கிட்டவள் நான். கேட்டு முடித்தபின் அவர் சிரிக்கவில்லை. தம் கதையைச் சொன்னார்.

எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989-இல் பெரிய எழுத்தறிவு இயக்கம் ஒன்று நடந்தது. மாவட்ட நிருவாகமும் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து, பள்ளி செல்லாத பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். 1990 பிப்ரவரி 4-ஆம் நாள், இந்தியாவின் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-இல் கேரள மாநிலம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தது. கோழிக்கோட்டில் அதை மேடையேறி அறிவித்தவர் அமைச்சரல்லர். முதிய வயதில் அவ்வியக்கத்தின் வழி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட சேலக்கோடன் ஆயிஷா என்னும் பெண்மணி.

அந்த 1989-இல் சேச்சி கல்லூரி மாணவி. மீன் விற்கும் பெண்கள் பத்துப் பேருக்கு இரவில் கற்றுக்கொடுத்திருக்கிறார். "முதல் வாரம் பாதிப்பேர் வரவில்லை. அறிவில்லாமல் இல்லை, டீச்சரே, வெட்கம். என் அம்மா வயதுள்ளவர்கள் என் முன்னால் தவறு செய்ய வேண்டுமே! அதனால் நான் அவர்களிடம் மீன் பெயர்களைக் கேட்டேன். எனக்குப் பாதிப் பெயர்கள் தெரியாது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்தார்கள்." அவர் மலையாளத்தில் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

பிறகு நாளிதழின் ஓரத்தில் இரண்டு எழுத்துகளை எழுதினார். "மழ. உங்களுக்கு மழை. இந்த இரண்டு போதும் இன்றைக்கு." இரண்டாவது எழுத்து ழகரம். நாம் பெருமைப்படும் அதே ழகரம். மலையாளத்தாரும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். என்னை ஐந்து முறை எழுதச் சொன்னார். கோணலாக எழுதினேன். "கொள்ளாம்" என்றார், நன்று என்று பொருள். ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஓராண்டில் அவனிடம் நான் எத்தனை முறை "நன்று" சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை நினைவில் இல்லாததே விடையாயிற்று.

அன்றிரவு அந்தத் தாயாருக்கு எழுதினேன். "அம்மா, முடிவு உங்களுடையது. எந்தப் பள்ளியில் படித்தாலும் அவன் நன்றாக வரவேண்டும். ஆனால் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். தமிழ் அவனுக்கு ஏறவில்லை என்பது சரியன்று; நான் கற்பித்த முறை அவனைச் சென்றடையவில்லை. ஒரு நாள் வகுப்பில் அவனை அவமானப்படுத்தியும் விட்டேன். அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். மூன்று மாதம் மட்டும் கொடுங்கள். தினமும் பள்ளி தொடங்குமுன் பத்து நிமிடம் அவனோடு அமர்கிறேன்."

இரண்டு நீலக் குறிகள் தோன்றின. மறுமொழி வரவில்லை.

கடைசி நாள் காலை, டிசம்பர் 30. திடலில் பப்பாஞ்ஞி என்னும் மிகப் பெரிய கிழவர் உருவத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆண்டின் கடைசி நள்ளிரவில் அதை எரித்துப் புத்தாண்டை வரவேற்பது இவ்வூர் வழக்கம். அதைப் பார்க்க எனக்கு நாள் இல்லை. சேச்சியிடம் விடைபெற்று விமான நிலையத்துக்குப் பேருந்து பிடிக்க வந்தேன். இம்முறை யாரிடமும் கேட்குமுன் பலகையை ஏறிட்டுப் பார்த்தேன். ஊர்ப்பெயர்களை வாசிக்க முடியவில்லை. ஆனால் நடுவே ஒரு சிறிய சொல் இருந்தது. முதல் எழுத்து 'வ'. இரண்டாவது, இரவு நான் கோணலாக எழுதிய அதே ழகரம். தலையில் நம்முடையதைப் போன்ற கொக்கி.

"வழி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எந்தெந்த ஊர் வழியாகச் செல்லும் என்பதைக் குறிக்க அவர்கள் போடும் சொல். பக்கத்தில் நின்றவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அதன் பிறகு அவரிடமே கேட்டுச் சரியான பேருந்தில் ஏறினேன்.

விமானம் ஏறுமுன் கைப்பேசி ஒலித்தது. "பார்க்கலாம் டீச்சர். அவனிடம் கேட்டுச் சொல்கிறேன்."

அவனிடம் கேட்கிறார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இதை எழுதும் இன்றுவரை முடிவு தெரியாது. பள்ளி திறக்கும் நாளில் அவன் வருவானா என்பதை நானும் உங்களைப் போலவே காத்திருந்துதான் அறிய வேண்டும். வந்தால், முதல் நாள் 'மரம்' கற்பிக்கப் போவதில்லை. அவன் அப்பா ஓட்டும் லாரியின் பாகங்களை அவனிடம் கேட்கப் போகிறேன். எனக்கு அவற்றில் பாதிகூடத் தெரியாது. அவன் சிரிக்கட்டும். பிறகு 'லாரி' என்று எழுதுவோம். மறுநாள் 'அப்பா'.

ஆசிரிய நண்பர்களே, "ஊகித்து வாசிக்கிறான்" என்று குறிப்பேட்டில் எழுதும்போது சற்று நிறுத்துங்கள். ஊகிக்கும் பிள்ளை இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது; கரும்பலகையைப் பார்ப்பதை நிறுத்திய பிள்ளைதான் கைவிட்டது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அழுதால் எழுத்து வரவில்லை என்று முடிவு கட்டுமுன், வகுப்பில் என்ன நடந்தது என்று எங்களைக் கேளுங்கள். நாங்கள் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.