மூன்று முறை மறந்த படம்

அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை நான் மூன்று முறை மறந்தேன்.

2004-ஆம் ஆண்டு. மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு ஆசிரியர் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு நுரையீரல் மருத்துவரிடம் காட்டச் சொல்லி அப்பா படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். முதல் தடவை அது வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. அடுத்த தடவை பள்ளிக்கூட மேசை இழுப்பறை வரை போய், அங்கேயே பத்து நாள் கிடந்தது. மூன்றாம் தடவை கையில் படம் இருந்தது. மருத்துவர் வரும் கிழமையை மாற்றி நினைத்துக்கொண்டு போய் நின்றேன். "மறந்துட்டேன்பா" என்றபோதெல்லாம் அப்பா, "பரவால்ல விடு, வேல அலைச்சல்" என்பார்.

மறுவருஷம் அவர் போய்விட்டார்.

நான் பி.எட். படித்தவன். நனவு மனம், நனவடி மனம், நனவிலி மனம் என்று தேர்வில் பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஃப்ராய்டு 1900-இல் கனவுகளைப் பற்றிய நூலில் இந்தப் பிரிவைச் சொன்னார். மறுவருஷமே, அன்றாட மறதிக்குப் பின்னாலும் ஒரு விருப்பம் ஒளிந்திருக்கலாம் என்று எழுதினார். அது என் வீட்டு அலமாரியைப் பற்றியது என்று எனக்கு உறைக்கவில்லை.

பாடப்புத்தகத்தில் மனதுக்குப் பனிப்பாறைப் படம் போடுகிறார்கள். எங்கள் கோலார் தங்கவயல் பிள்ளைகளுக்குப் பனிப்பாறை எதற்கு? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஆளை இறக்கும் கேஜ் என்ற கூண்டு போகிற தளத்தில் இருப்பதை ஆள் அனுப்பி மேலே கொண்டுவரலாம், அது நனவடி. பழைய வீட்டு முகவரி, அத்தை பெயர் எல்லாம் அப்படித்தான், கொஞ்சம் யோசித்தால் வந்துவிடும். நனவிலி அப்படிக் கூப்பிட்டால் வராது. தோண்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றிலும் பாறை அழுத்தும், ஒருநாள் வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். எங்கோ அடியில் நடக்கும், எங்கள் தொழிலாளர் லைன் வீட்டில் பாத்திரம் உருளும். உருண்ட பாத்திரம்தான் என் மூன்று மறதிகளும்.

அடியில் இருந்தது இதுதான். அப்பா இருபத்தேழு வருஷம் பாறையில் துளைபோட்டார். அந்தத் தூசியில்தான் என் கல்லூரிக் கட்டணம் வந்தது. அவர் இருமலை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபோது, இனி இருமல் அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தைக் காட்டினால் மருத்துவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

பாறைத்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸைத் தீர்க்கும் மருந்து கிடையாது என்று பிறகு பலர் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அதோடு காசநோய் எளிதில் சேரும். அதற்கு மருந்து உண்டு. மூச்சுத்திணறலையாவது தணித்திருக்கலாம். அந்த ஆறுதலை நான் ஏற்கவில்லை.

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

எங்கள் ஊர் லைன்களில் இன்றைக்கும் இருமுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: படத்தைப் பையில் போடாதீர்கள். கையிலேயே பிடித்துக்கொண்டு ரயிலேறுங்கள்.