தோளில் வைத்த கம்பி

எலும்பு முறிவுக்காகத் தோளில் வைத்த கம்பி நகருமா? நகரும், சகோதரிகளே! தோள் ஓயாமல் அசைகிற மூட்டு. மெல்லிய கம்பி அங்கிருந்து நுரையீரலுக்குள் போனதை 1943-லேயே அமெரிக்க டாக்டர் மேஸட் எழுதியிருக்கிறார். அதனால்தான் வெளிமுனையை வளைத்து வைத்து, எலும்பு கூடியதும் எடுத்துவிடுகிறார்கள்.

படியில் வழுக்கித் தோள் முறிந்த என் நாத்தனாருக்கு, கம்பி எடுக்கச் சொன்ன தேதி மகள் கல்யாண வேலையில் தள்ளிப்போயிற்று. மறுபடி வலி. "மார்கழிக் குளிருக்கு இரும்பு குடையத்தான் செய்யும் அம்மணி, தைலத்தைத் தேச்சு உடு" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. (அவருக்கு எல்லாவற்றுக்கும் தைலம்தான்!) நல்லவேளை, பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வந்து எக்ஸ்ரே எடுத்தார். கம்பி ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தது. அன்றைக்கே எடுத்தார்கள். இப்போது தானே தலை பின்னிக்கொள்கிறார். கொடியில் துணி போடத்தான் கை இன்னும் முழுசாய் எட்டவில்லை.