சூளை ஏன் ஆறியது?

விருத்தாசலத்து மே மாத வெயிலில் நின்றுகொண்டு, 'உலகம் ஏன் ஜில்லென்று ஆனது?' என்று சண்டை போட்டிருக்கிறீர்களா? நான் போட்டேன் ஸார்!

அக்கா வீட்டுக்காரர் இங்கே பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு. பி.காம். படித்த பாவத்துக்கு மாதம் ஒருநாள் போய்க் கணக்கு எழுதித் தருவேன். சம்பளம், ஒரு டீ, இரண்டு வடை.

அன்று போனபோது மாமா கொதித்துக்கொண்டிருந்தார். சூளைதான் கொதிக்கவில்லை. ஒரு லோடு பொம்மை அரைவேக்காடு, பளபளப்பே ஏறவில்லை. "பெரியவர் தூங்கிட்டாரு மாப்ளே. சம்பளத்துல பிடிச்சுடு!"

பெரியவர் இருபது வருஷமாகச் சூளை எரிக்கிறவர். பேசாமல் நின்றார். பேச்சை மாற்ற, ஒரு கட்டுரைக்காக நான் படித்துக்கொண்டிருந்த 'சின்னப் பனியுக'த்தை எடுத்துவிட்டேன். சுமார் 1300-லிருந்து 1850 வரை பூமி, முக்கியமாக ஐரோப்பா, குளிர்ந்து கிடந்தது. லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடை போட்டு வியாபாரமே பண்ணியிருக்கிறார்கள். கடைசியாக 1814-ல்.

"சூரியன் சரியா எரிஞ்சிருக்காது" என்றார் மாமா. நிஜமாகவே அப்படி ஒரு கட்சி உண்டு. 1645-லிருந்து 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகளே அபூர்வம். (நம் கொடைக்கானல் ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து அந்தப் புள்ளிகளைக் கவனித்து வருகிறார்கள்.) ஆனால், குளிர் அதற்கு வெகுகாலம் முன்பே ஆரம்பித்துவிட்டதே!

பெரியவர் தொண்டையைச் செருமினார். "புகை ஏதாச்சும் மறைச்சுதா தம்பி?"

அசந்துபோனேன். எரிமலைக் கட்சி! 1257-ல் இந்தோனேஷியாவின் லொம்போக் தீவில் சமாலஸ் வெடித்தது. 1815-ல் தம்போரா. உயரே போன கந்தகம் நுண்துளிகளாகி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை என்பார்கள்.

"ஆனா அது ரெண்டு மூணு வருஷத்துல இறங்கிடுமே பெரியவரே?"

"இறங்கட்டும். ஒருதரம் ஆறின சூளைச் சுவரு மறுபடி சூடேற எவ்ளோ நேரம் புடிக்கும்?"

ஆராய்ச்சிக்காரர்களில் சிலரும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்கள். அடுத்தடுத்து எரிமலைகள் வெடித்ததில் கடல் பனி பரவியது. அந்த வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பியடித்து, குளிரைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டது.

'சுவரு' என்றதும் எனக்கு என்னவோ உறுத்தியது. நோட்டைப் புரட்டினேன். மூன்று மாதத்துக்கு முன்பு, சாட்சாத் என் கையெழுத்து: 'சூளைச் சுவர் மராமத்து - தள்ளிப்போடலாம்.' செலவைக் குறைக்க அடியேன் சொன்ன யோசனை!

பெரியவர் சுவரைக் காட்டினார். விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

நோட்டை மாமாவிடம் நீட்டினேன். படித்தார். என்னைப் பார்த்தார்.

"பிடித்தம்..?" என்றேன்.

"உன் கணக்குலதான்!"

அன்று இரண்டு வடையும் பெரியவருக்குப் போயின.