ஏரிக்கரையில் வளரும் பொறுப்பாளர்கள்



என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், பல்கலைக்கழக விடுமுறையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஓர் ஏரிக்கரைச் சிறுவர் முகாமில் பணியாற்றிவிட்டு அண்மையில் திரும்பினான். முகாம் என்றதும் நம் பள்ளிகளின் இரண்டு நாள் தன்முனைப்பு முகாம்தான் என் நினைவுக்கு வந்தது. மண்டபம், ஒலிவாங்கி, சொற்பொழிவு, இறுதியில் பெற்றோரின் பாதங்களைக் கழுவிப் பிள்ளைகள் தேம்பி அழும் நிகழ்ச்சி! அவன் விவரித்ததோ முற்றிலும் வேறு. பையன்கள் வாரக்கணக்கில் மரக்குடில்களில் தங்குகிறார்கள். கைப்பேசி கிடையாது. வீட்டுக்குக் கடிதம் எழுதவேண்டும்.

இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிரெடரிக் கன் என்பவர் தம் விடுதிப் பள்ளி மாணவர்களை மில்ஃபர்ட் கடற்கரைக்கு நடத்தியே அழைத்துச் சென்று இரண்டு வாரம் கூடாரமிட்டுத் தங்கினார். அவர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைதான். 1881இல் எர்னஸ்ட் பால்ச் என்னும் கல்லூரி மாணவர் ஸ்குவாம் ஏரியின் தீவொன்றில் சிறுவர் முகாம் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கோடை விடுதிகளில் சோம்பிக் கிடந்தது அவரை உறுத்தியது. ஆகவே தீவில் பணியாட்கள் இல்லை. சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பையன்களே. அம்முகாம் 1889உடன் நின்றுபோயிற்று. 1885இல் சம்னர் டட்லி ஏழு சிறுவர்களோடு தொடங்கிய முகாமோ, பின்னர் சாம்ப்ளேன் ஏரிக்கரைக்கு இடம்பெயர்ந்து இன்றும் நடைபெறுகிறது.

என்னைச் சிந்திக்க வைத்தவர்கள் அங்குள்ள பணியாளர்களே. குடில் பொறுப்பாளர்களில் பலர் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதினர். அவர்களுள் பலர் அதே முகாமில் சிறுவராக இருந்தவர்கள். முதலில் முகாமினர், பிறகு உதவியாளர், அதன்பின் பொறுப்பாளர். பிள்ளைகள் வருமுன் அவர்களுக்கு முதலுதவியும் நீர்ப் பாதுகாப்பும் பயிற்றுவிக்கப்படுகின்றன. ஏரியில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் ஓர் இணை உண்டு. பெயர் அட்டையைப் பலகையில் மாட்டிவிட்டே நீரில் இறங்கவேண்டும். ஊதல் ஒலித்ததும் இணைகள் கைகோத்து உயர்த்துவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் நீச்சல் தொடரும்.

இரவில் அதே குடிலில் படுத்துறங்குபவனும் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனே. யார் சாப்பிடவில்லை, யார் போர்வைக்குள் அழுகிறான் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். வீட்டு ஏக்கத்தில் வாடிய ஒரு சிறுவனை எப்படித் தேற்றினாய் என்று என் மாணவனைக் கேட்டேன். “ஒன்னும் பேசல சார். என்னோட சேர்ந்து படகு தொடைக்கச் சொன்னேன். மூனாவது படகுல அவனே பேச ஆரம்பிச்சிட்டான்,” என்றான். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்; இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அம்முகாம்களில் குறைகளும் உண்டு. கட்டணம் பல ஆயிரம் டாலர். பூர்வகுடிகளின் பெயர்களையும் சடங்குகளையும் பல முகாம்கள் வேடிக்கைபோல் பயன்படுத்தி வந்தன. அண்மைக் காலமாகச் சில முகாம்கள் அவற்றைக் கைவிட்டுள்ளன. அவற்றையெல்லாம் நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆனால் நம் பையன் ஆறாம் ஆண்டு முடித்துத் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போனபின், பதின்மூன்று வயதில் யாரோடு பழகுகிறான் என்பது நமக்குத் தெரிகிறதா? திரும்பி வருவதற்கு அவனுக்கு நாம் என்ன காரணம் வைத்திருக்கிறோம்? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. முகாமில்கூடத் தேர்வு நுணுக்கம் பேசவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

எனவே அடுத்த பள்ளி முகாமில் குழுப் பொறுப்பை, ஆசிரியர் மேற்பார்வையில், ஐந்தாம் படிவம் முடித்த முன்னாள் மாணவர்களிடம் ஒப்படைக்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன்மொழிந்தேன். “சின்னப் பசங்கள நம்பி எப்படி சார் விடறது?” என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான அச்சம். முதலுதவிப் பயிற்சி பெற்றவர்களை மட்டுமே சேர்ப்போம், ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், ஆசிரியரும் அருகிலேயே தங்குவார் என்று விளக்கினேன். முழுமனத்தோடு இல்லாவிட்டாலும் ஒரு முறை முயன்று பார்க்கச் சம்மதித்தார்கள்.

இப்போது பட்டியலில் நான்கு பெயர்கள் உள்ளன. அவர்களுள் இருவர், வகுப்பில் என்னிடம் மிகுதியாகத் திட்டு வாங்கியவர்கள்.