கருவத்தின் விளிம்பில் தாமதிக்கும் அலை

பூமியின் பாறைக் கவசம் ஏறத்தாழ 2,890 கிலோமீட்டர் ஆழத்தில் முடிகிறது. அதற்குக் கீழே இருப்பது உருகிய இரும்பு மிகுந்த வெளிக் கருவம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய துளை 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டி நின்றுபோனது. ஆகவே அடியாழத்தைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை நிலநடுக்க அலைகளே சொல்லியிருக்கின்றன.

1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஆர். டி. ஓல்டாம், 1906-இல் பூமிக்குள் கருவம் ஒன்று இருப்பதை அலைகளின் தாமதத்தைக் கொண்டே காட்டினார். இன்றைக்கும் ஆய்வின் உயிர்நாடி அந்தத் தாமதம்தான்.

நிலநடுக்கத்தில் எழும் முதன்மை அலை திரவத்தினூடே செல்லும்; குறுக்காக அசைக்கும் இரண்டாம் அலையால் அது முடியாது. ஆகவே கருவத்தின் மேற்பரப்பில் மோதியதும் இரண்டாம் அலையில் ஒரு பங்கு மேலே திரும்புகிறது. தொலைவில் உள்ள நிலநடுக்க நிலையத்தின் பதிவில் நேராக வந்த இரண்டாம் அலையின் பெரிய துடிப்பு முதலில் தெரியும். கருவத்தில் பட்டுத் திரும்பியது பின்னால் சிறிதாக வரும். மேலடுக்குகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வழியில் வருவதால் அங்கே நேர்ந்த தாமதம் இரண்டுக்கும் பொது. இரண்டும் வந்த நேரங்களைக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் அடியாழத்தின் கணக்கே மிஞ்சும். இந்த எளிய கழித்தல், இத்துறையின் மிக அழகான உத்தி.

கருவத்தின் விளிம்பை ஒட்டியே வளைந்து செல்லும் அலைகளும் உண்டு. ஹவாய்த் தீவுகளுக்கு அடியில், கருவத்தை ஒட்டி, சுமார் 20 கிலோமீட்டர் உயரமும் 900 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு திட்டை அவை காட்டின. அங்கே இரண்டாம் அலையின் வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது. பாறை ஓரளவு உருகியிருக்கலாம், இரும்பு கூடுதலாக இருக்கலாம். ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக் கடலுக்கும் அடியில் இதைவிடப் பன்மடங்கு பெரிய, அலைகள் மெதுவாகச் செல்லும் இரு பகுதிகள் கிடக்கின்றன. அவை வெறும் வெப்பத்தாலா, வேறு வகைப் பாறையாலா என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

தீர்ப்புச் சொல்லப் போதிய பதிவுகள் வேண்டும். நிலையங்களில் பெரும்பாலானவை நிலத்தில் இருக்கின்றன. பூமியின் பரப்பிலோ எழுபது சதவீதம் கடல். கடல்தரையில் கருவிகளை நிறுவச் செலவு அதிகம்தான். ஆனாலும் அதைச் செய்தே ஆக வேண்டும்.