தொண்ணூறு நொடிச் சிவப்பு

சாலைச் சந்திப்பில் விளக்கு எத்தனை நேரம் எரிகிறது என்பதை இயல்பான ஆங்கிலத்தில் சொல்வது மிக எளிது என்றே தோன்றும். நண்பர் ஒருவரின் சிறுகதையை நாங்கள் மூவர் கூடி மொழிபெயர்த்தபோது ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதிலேயே கழிந்தது. சிக்னலில் மல்லிகைச் சரம் விற்கும் பெண்ணின் கதை அது. எங்களை நிறுத்திய வரி: 'சிவப்பு விழுந்தது, தொண்ணூறு நொடி.'

தமிழில் சிவப்பும் விழும், பச்சையும் விழும். பேச்சில் 'சிக்னல் போட்டுட்டான்' என்போம்; கண்ணுக்குத் தெரியாத காவலர் ஒருவர் அந்த வினைக்குள் நிற்கிறார். ஆங்கிலத்தில் விளக்கு தானே மாறுகிறது, தானே தங்குகிறது: 'தி லைட் ஸ்டேஸ் ரெட் ஃபார் நைன்டி செகண்ட்ஸ்.' அந்த 'ஃபார்' தமிழுக்குத் தேவைப்படுவதில்லை. 'தொண்ணூறு நொடி நின்றாள்' என்றாலே போதும். 'பத்து நொடியில் மாறும்' என்பதற்கு 'இன் டென் செகண்ட்ஸ்' என்பதே பொருத்தம். நம்மவர் பலர் எழுதும் 'வித்தின்' என்பதோ கெடு விதிக்கும் சொல். கால அளவை அடைமொழியாக்கினால் பன்மை உதிர்ந்து 'எ நைன்டி செகண்ட் லைட்' ஆகிவிடும். எண்ணே வேண்டாமென்றால் அமெரிக்கர்களின் 'லாங் லைட்' இருக்கிறது.

இலக்கணம் சரியான பிறகும் வரி உயிர்பெறவில்லை. 'லாங் லைட்' என்பது வண்டிக்குள் அமர்ந்திருப்பவரின் சலிப்பு. சாலையைக் கடக்கும் முதியவருக்கு அதே விளக்கு நீளமானதன்று. அமெரிக்கச் சாலைக்குறிகளுக்கான நெறிமுறைக் கையேடு, நடப்பவர் நொடிக்கு 4 அடி கடப்பார் என்று முன்பு கணக்கிட்டது. 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 3.5 அடியாகக் குறைந்தது. 60 அடிச் சாலையில் இதனால் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 2 நொடி. தளர்ந்த கால்களுக்கு அந்த இரண்டு நொடியின் மதிப்பு தெரியும்.

பூக்காரிக்கோ சிவப்புதான் கடை திறந்திருக்கும் நேரம். வண்டிகளுக்கிடையே புகுந்து, முழம் போட்டு, சில்லறை கொடுத்து, ஓரம் ஒதுங்க அவளுக்கு இருப்பது அவ்வளவே. எனவே விளக்கின் நேரத்தை அவளுடைய நேரமாக்கினோம்: 'தி லைட் டர்ன்ட் ரெட். ஷி ஹேட் நைன்டி செகண்ட்ஸ்.' எளிய ஆங்கிலம். யாருடைய காதையும் உறுத்தாது.

ஆயினும் 'விழுந்தது' கைநழுவிப் போயிற்று. சீட்டு விழுந்தது, பரிசு விழுந்தது என்று சொல்கிறோமே, அந்த விழுதலின் சாயல் அவளுடைய சிவப்பிலும் இருந்தது. அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.