ழகரம் கற்ற கதை

சென்ற ஆண்டு ஒரு விழாவில் நன்றியுரை நவிலும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. வீடு திரும்புகையில், ஆறாம் வகுப்பில் பயிலும் என் மகள், "அப்பா, நீங்க கடைசி வரைக்கும் 'தமிள்', 'தமிள்'னே சொன்னீங்க" என்றாள். நாணித் தலைகுனிந்தேன். மதுரைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, மத்திய அரசு எழுத்தராய் ஆரியசாலைக்குக் குடிவந்தவன் நான். மலையாளம் பயிலும் குழந்தை தமிழை மறந்துவிடுவாளோ என்று அஞ்சிக்கொண்டிருந்தவனும் நானே!

அவளுக்கு ழகரம் எங்கிருந்து வந்தது? அருகிலுள்ள கிழக்கேக்கோட்டையின் பெயரைப் பேருந்து நடத்துநர் கூவக் கேளுங்கள். 'மழ', 'புழ', 'வழி' என்று அண்டை வீட்டார் பேசக் கேளுங்கள். நம்மிற் பலர் ளகரமாகவோ யகரமாகவோ சிதைத்துவிட்ட ஒலி, இங்கே பழுதின்றி வாழ்கிறது.

அன்றிரவே தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் புரட்டினேன். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என்கிறார் ஆசிரியர். நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்பதும் அவர் வகுத்ததே.

இக்கால ஒலியியலும் அவ்வழியே செல்கிறது. நுரையீரற் காற்று மிடற்றிலுள்ள குரல்நாண்களை அதிரச் செய்கிறது. ஆடவர்க்கு நொடிக்கு நூறு முறைக்கு மேல், பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 முறை. அது வெறும் ரீங்காரமே. அதனை எழுத்தாக்குவது வாயின் வடிவம். குழாயடியில் குடம் நிரம்ப நிரம்ப, உள்ளே காற்றின் இடம் குறைந்து ஓசை உயர்வதைக் கேட்டிருக்கிறோம் அல்லவா? நா அசையும்போதும் வாய்க்குள் காற்றறையின் வடிவம் மாறுகிறது. எவ்வதிர்வு ஓங்கும், எது அடங்கும் என்பதும் மாறுகிறது.

ளகரத்தில் நாநுனி அண்ணத்தைத் தொட்டு நிற்க, காற்று இரு மருங்கும் ஒழுகும். ழகரத்தில் நா வளைந்து அண்ணத்தை நெருங்கும். ஆயினும் வழியை அடைப்பதில்லை. காற்று நடுவே செல்லும். என் பிழை அப்போதுதான் விளங்கிற்று. என் நா தொட்டு நின்றுவிடுகிறது!

மறுநாள் முதல் காலையில் கண்ணாடி முன் பயிற்சி. ஆசிரியை என் மகள். "ஒட்டாதீங்க அப்பா, கிட்டப் போய் நிறுத்துங்க" என்பாள். 'வாழைப்பழம்' என்ற ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இவ்வாண்டும் நன்றியுரை எனக்கே என்றனர். 'தமிழ்' என்னும் சொல் அதில் ஒன்பது இடங்களில் வருகிறது. ஏழில் தேறிவிடுகிறேன். எஞ்சிய இரண்டிற்காக, முன்வரிசையில் அவள் அமர்ந்திருப்பாள்.